ஈயப் பத்திரமும் முருகனுக்கு நேர்ந்த தாடியும்

என் தாடியை முருகனுக்கு நேர்ந்தது நான் இல்லை. என் மனைவி. என்னைக் கேட்கவும் இல்லை.

அப்போது நாங்கள் ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருந்தோம். ஐரோக் காசு வந்து சில வருடம் இருக்கும். நான் பழைய வீடுகளில் ஈயப் பெயின்ற் பார்க்கிற வேலை செய்தேன். முந்திய காலத்தில் பெயின்றில் ஈயம் கலந்தார்கள். கதவு, சன்னல், மரப்படி, இரும்புக் கைப்பிடி, எல்லாவற்றிலும் அது இருக்கும். மேலே எத்தனை புதுப் பூச்சு அடித்தாலும் அடியில் அது பாட்டுக்குக் கிடக்கும். கிடந்தால் ஒன்றும் செய்யாது. சுரண்டினால் தூளாகும். தூள் மூச்சோடு போகும், கையோடு வாய்க்குப் போகும். தவழுகிற பிள்ளைகளுக்கு அது கூடாது. ஆகவே வீடு திருத்துகிறவர்கள் சுரண்டுகிறதுக்கு முதல் ஒருவன் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் சின்னத் துண்டு வெட்டி, பையில் போட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈயம் என்று வந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயின்ற்காரர் சுரண்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒருவன் நான்.

அதற்கு முதல் ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். நெடுங்காலம் கழுவினேன். கோப்பையில் இருந்து ஈயத்துக்கு வந்தது எனக்குப் பெரிய காரியம். வேலைக்குப் போகிற வீட்டில் என்னை "ஹெர்" என்று மரியாதை போட்டுக் கூப்பிட்டார்கள். கோப்பை கழுவினபோது "ஏய்" என்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அது போதும்.

இந்த வேலைக்கு ஒரு பத்திரம் வேண்டும். அது இல்லாதவனை எங்கள் கம்பனி ஒரு வீட்டுக்கும் அனுப்பாது. பத்திரம் சில வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு டோர்ட்மண்டில் உள்ள பயிற்சிக் கூடத்துக்குப் போய், தெரிந்ததைத் திரும்பக் கேட்டு, தெரிந்ததைத் திரும்ப எழுதிப் புதுப்பிக்க வேண்டும். ஈயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் யாரோ இருந்து யோசித்துச் சோதனையில் ஒன்றைக் கூட்டுவார்கள்.

நான் புதுப்பிக்கப் போனபோது வாய்ச் சோதனை என்று ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். சோதிக்கிறவர் குடியிருக்கிற ஆளாக நடிப்பார். நாங்கள் கதவைத் தட்டி விளங்கப்படுத்த வேண்டும். அவர் உயரமான, வழுக்கை விழுந்த மனிதர். நல்ல மனிதர். கதவுக்குப் பதிலாக மேசையைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அவர் பேசினது ஜேர்மன். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நான் இந்த வீட்டிலை இருக்கிறன். எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. நீங்கள் ஏன் வந்திருக்கிறியள்?"

"ஈயம்."

"ஈயமோ? எங்கை?"

"கதவிலை."

"பயப்பிட வேணுமோ?"

யோசித்தேன். "இல்லை."

"அப்ப நான் கதவைச் சுரண்டலாமோ?"

"இல்லை."

"ஏன்?"

"ஈயம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானும் இருந்தேன். இன்னும் ஏதும் வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கேள்வி வந்தால் சொல்லலாம் என்று நான் நினைத்தேன். கடைசியில் பேனையை எடுத்தார்.

"நீங்கள் சொன்னது ஒண்டும் பிழையில்லை," என்றார். "ஆனால் நீங்கள் போனாப் பிறகு அந்த வீட்டு மனிசி கதவைச் சுரண்டும்."

எழுத்திலும், தூளுக்கு மாஸ்க் போட்டுக் காட்டுகிற சோதனையிலும் சித்தியடைந்தேன். வாயில் இல்லை. பத்திரம் காலாவதி ஆனது.

எங்கள் முதலாளி ஒரு பெண். புகை பிடித்துப் பிடித்துத் தொண்டை கட்டின குரல். கம்பனி சின்னது. மொத்தமே ஒரு வான் வண்டியும் நாலு ஆட்களும்தான். அவர் கையை விரித்தார்.

"கோடை முடியும் மட்டும் உன்னைச் சாமான் அறையிலை வைச்சிருக்கலாம். அதுக்குள்ளை எடுத்துக்கொண்டு வா. எடுக்காட்டி எனக்கு வேறை ஆள் பாக்கத்தான் வேணும். வாய்ச் சோதினை மட்டும்தான் திரும்ப. கதைக்கிறதுதானே."

கதைக்கிறதுதானே என்றார். அவருக்கு அது லேசு.

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி பேக்கரியில் வேலை. வந்து காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா?"

"சரிவரேல்லை."

"எதிலை?"

"கதைக்கிறதிலை."

அவள் அப்படியே கதிரையில் இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து சொல்லுறன், வாயைத் திறவுங்கோ எண்டு. நான் சொன்னால் கேக்கேல்லை. இப்ப ஜேர்மன்காரனும் சொல்லிப்போட்டான். அவன் சொன்னதையாவது கேளுங்கோ."

"ஓம்."

"இதைத்தான் சொல்லுறன்."

அடுத்த நாள் காலை சவரம் எடுத்துக்கொண்டு நின்றேன். மாஸ்க் போடுகிறவன் தினமும் எடுக்க வேண்டும். மயிர் இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, இடைவெளியால் தூள் போகும். மாஸ்க் போடாத நாளிலும் கை தானாகப் போய்விடும். ஒரு பக்கம் முடிந்தது. அவள் வந்து கையில் இருந்த சவரக் கத்தியைப் பறித்தாள்.

"வேண்டாம். நேந்திட்டன்."

"என்ன?"

"முருகனுக்கு. பத்திரம் கையிலை வாற மட்டும் சேவ் எடுக்க மாட்டியள். வந்த உடனை மொட்டை."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். பின்னை எனக்கோ?"

"அரைவாசி எடுத்திட்டன்."

"பரவாயில்லை. முருகன் மற்றப் பக்கத்தைப் பாப்பார்."

"மாஸ்க்," என்றேன்.

"நீங்கள்தானே சொன்னியள், வாய்ச் சோதினை மட்டும்தான் திரும்ப எண்டு. வாய்க்கு என்னத்துக்கு மாஸ்க்?"

அதுவும் சரிதான். சாமான் அறையிலும் மாஸ்க் தேவையில்லை. விட்டுவிட்டேன்.

தாடி வளர்ந்தது. எனக்குத் தாடி ஒழுங்காக வளராது. ஒரு பக்கம் அடர்த்தி, மற்றப் பக்கம் ஐதாக. அன்று எடுத்த பக்கத்துக்கு ரோசம் போல. வேலையில் என்னோடு ஒரு போலந்துக்காரன் இருந்தான். நல்லவன், வாய்தான் நீளம். அவனும் என்னைப் போல ஈயம் பார்க்கிறவன். சாமான் எடுக்க வந்தால் வாசலில் நின்று பார்ப்பான்.

"என்ன, துக்கமோ?"

"இல்லை."

"காதலோ?"

"நேர்த்தி." ஜேர்மனில் அதற்குச் சொல் தெரியவில்லை. கடவுளுக்குச் சொன்னது என்றேன்.

"உன்ரை கடவுளுக்குத் தாடி விருப்பமோ?"

"மனிசிக்கு."

அவன் நெடுநேரம் சிரித்தான். "நான் கடவுளிட்டை ஏதும் கேட்டால் ஒரு மெழுகுதிரி கொளுத்துவன். அதோடை முடிஞ்சிடும். உங்கடை ஆள் முகத்தையே கேக்கிறாரே."

பின்னேரங்களில் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தது மனைவி. பேக்கரியில் நாள் முழுக்க ஜேர்மன் பேசுகிறவள். வுப்பர்டாலில் அரைவாசிச் சனத்தின் முழங்கால் வருத்தமும் மருமகள் பிரச்சினையும் அவளுக்குத் தெரியும். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பாள். நான் வெளியே நின்று தட்ட வேண்டும்.

"ஆரது?" உள்ளே இருந்து ஜேர்மனில் கேட்பாள்.

"நான்."

"நான் எண்டால் ஆர்? எனக்கு உங்களைத் தெரியாது. பொலிஸுக்குப் போன் அடிக்கப்போறன்."

அப்போது நான் கம்பனி, பெயர், என்ன காரியம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கதவு கொஞ்சம் திறக்கும். ஒரு நாள் காது கேளாத கிழவியாக வந்தாள். ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரியாக வந்து, என் வீட்டில் ஈயம் இல்லை, நீதான் கொண்டுவந்து போட்டாய் என்று சண்டை பிடித்தாள். அந்தச் சண்டையில் எங்கள் வீட்டுப் பழைய சண்டைகளும் சில கலந்திருந்தன. ஒரு நாள் குழந்தைக்காரி. தலையணையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை தவழுது. நிலத்திலை கிடக்கிறதெல்லாம் வாயிலை வைக்குது. நான் என்ன செய்ய?"

"கழுவ வேணும்."

"என்னத்தை? பிள்ளையையோ?"

"கை. விளையாட்டுச் சாமான். நிலம்."

"நிலத்தைக் கூட்டலாமோ?"

"கூட்டக்கூடாது. ஈரத்துணியாலை துடைக்க வேணும். கூட்டினால் தூள் எழும்பும்."

"பாருங்கோ," என்று தமிழுக்கு மாறினாள். "இதைத்தான் சோதினை எடுத்தவரும் கேட்டவர். உள்ளுக்குள்ளை எல்லாம் இருக்கு. இறுகின போத்தல் மாதிரி. ஆராவது குத்தித் திறக்க வேண்டிக்கிடக்கு. இன்னும் சொல்லுங்கோ."

"சப்பாத்தை வெளியிலை விட வேணும்."

"ஏன்?"

"படியிலை இருக்கிற தூள் சப்பாத்தோடை உள்ளுக்கு வரும்."

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் வேலையாலை சப்பாத்தோடை உள்ளுக்கு வந்தது?"

"வேலைச் சப்பாத்து வேலையிலைதான் கிடக்கும்."

"அதை ஒரு நாளாவது எனக்குச் சொன்னீங்களோ? நான் இவ்வளவு நாளும் பயந்துகொண்டெல்லோ நிலம் துடைச்சனான்."

நான் சொல்லவில்லைதான். கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் வீட்டு வாசல் கதவிலேயே செய்து பார்ப்போம் என்றாள். குசினிக் கதவில் கூச்சம் இல்லையாம். நான் வெளியே போய் நின்று எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். மேல்மாடிக் கிழவி பை தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். என்னையும் தாடியையும் பார்த்தார். உள்ளே என் மனைவி ஜேர்மனில், "எனக்கு உங்களைத் தெரியாது, போங்கோ," என்றாள். கிழவி என் தோளில் தட்டினார்.

"மன்னிப்புக் கேளுங்கோ," என்றார். "நான் எண்டால் பூ வாங்குவன்."

அடுத்த நாள் பூ வாங்கினேன். கிழவி கேட்டால் என்ன சொல்வது என்பதற்காக.

கோடை முடியக் கொஞ்ச நாள் இருக்கையில் டெர்மின், சோதனைக்கு நாள், வந்தது. போலந்துக்காரனுக்கும் பத்திரம் புதுப்பிக்கிற முறை. இருவருமாகக் கம்பனி வானில் டோர்ட்மண்டுக்குப் போனோம். வழி முழுக்க அவன் பேசினான். நான் வாய்க்குள் பாடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"உதடு ஆடுது," என்றான். "சத்தம் வரேல்லை. அங்கையும் இப்பிடித்தானோ?"

அங்கே போனதும் அந்த உயரமான மனிதர் வாசலில் நின்றார். கையில் ஒரு மாஸ்க். எல்லோரும் முதலில் மாஸ்க் சோதனைக்கு வர வேண்டும் என்றார். திரும்ப வருகிறவர்களும் வர வேண்டும். அதுவும் புதிதாகக் கூட்டினது. என் முதலாளிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மாஸ்க் சோதனை இப்படி. மாஸ்க்கைப் போட்ட பிறகு தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்ப்பார்கள். கூட்டுக்குள் இனிப்புத் தண்ணீரைப் புகை போல அடிப்பார்கள். நாக்கில் இனித்தால் மாஸ்க் ஒழுகுகிறது. இனிக்காவிட்டால் சித்தி. உலகத்தில் இனிக்காமல் இருந்தால் சந்தோசப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

என் முறை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து மாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"இதென்ன?"

"தாடி."

"அது தெரியுது. தாடியோடை மாஸ்க் போட ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். எத்தனை பெயின்ற்காரரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் மயிர் என்றாலும் விடமாட்டேன். "தாடி. போய் எடுத்துப்போட்டு வா." என் வாயில் அவ்வளவு சொல் தொடர்ந்து வருகிற இடம் அதுதான். அதை இப்போது எனக்குச் சொல்கிறார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுவம்," என்றார். "அதுக்குள்ளை எடுத்துக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி வீட்டை போகலாம். அடுத்த டெர்மின் பனிக்காலத்திலைதான்."

பனிக்காலத்தில் எனக்கு வேலை இருக்காது. கோப்பை இருக்கும்.

வெளியே வந்து நின்றேன். எடுத்தால் நேர்த்தி முறியும். எடுக்காவிட்டால் பத்திரம் இல்லை. பத்திரம் வருகிற மட்டும் எடுக்கக்கூடாது. எடுக்காமல் பத்திரம் வராது. இந்த முடிச்சைப் போட்டது முருகன் இல்லை, குசினியில் அவர் படத்துக்கு முன் நின்று நேர்ந்தவள்தான். போலந்துக்காரன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பார்த்தான்.

"உன்ரை கடவுளுக்கு எங்கடை வேலை தெரியாதோ?"

"தெரியும். மனிசிக்குத்தான் தெரியாது."

"அப்ப மனிசிக்குப் போன் அடி."

ஹண்டியை, என் கைத்தொலைபேசியை, எடுத்துப் பேக்கரிக்கு அடித்தேன். அவள்தான் எடுத்தாள்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை. மாஸ்க்."

"என்ன மாஸ்க்?"

"தாடி எடுக்கட்டாம். எடுக்காட்டி இல்லையாம்."

பாண் வெட்டுகிற மெசினை அவள் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"பொறுங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. ஐயரைக் கேட்டுச் சொல்லுறன்."

எங்கள் ஐயர் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருந்த முருகன் கோயிலில் பூசை செய்தவர். பூசை இல்லாத நேரம் கோயில் வாசல் கூட்டுவதும் அவர்தான், போன் எடுப்பதும் அவர்தான். நான் வெளியே கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன். போலந்துக்காரன் தன் பாணில் பாதியைத் தந்தான். இறைச்சி இருந்தது. வேண்டாம் என்றேன்.

"விரதமோ?"

"ஓம்."

"தாடியும் எடுக்க ஏலாது, சாப்பிடவும் ஏலாது. உனக்கு ஈயமே பரவாயில்லை."

ஹண்டி அடித்தது.

"இஞ்சேருங்கோ. கேட்டனான். நேந்தது நான்தானாம். அப்ப மாத்திறதெண்டாலும் நான்தான் மாத்த வேணுமாம். ஆனால் சும்மா மாத்த ஏலாதாம். அதை விடக் கஷ்டமாய் ஒண்டு குடுக்க வேணுமாம்."

"ஆர்?"

"நான்."

"என்ன?"

அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"மௌன விரதம். பத்திரம் கையிலை வாற மட்டும் ஒரு வார்த்தை கதைக்க மாட்டன்."

ஹண்டியை மற்றக் காதில் வைத்தேன். நம்பிக்கை வரவில்லை.

"என்ன, சிரிக்கிறியளோ?"

"இல்லை. கடையிலை?"

"கையாலை காட்டுவன். சனத்துக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும்தானே. நீங்கள் போய் சேவ் எடுங்கோ. மொட்டை மொட்டைதான், அது மாறாது, ஐயரிட்டை அதையும் கேட்டனான். நான் வைக்கப்போறன். வைச்சால் அதோடை விரதம் துடங்கீட்டுது. ஏதும் சொல்ல இருந்தால் இப்ப சொல்லுங்கோ."

யோசித்தேன். "சரி."

"அவ்வளவுதானோ?"

"கவனம்."

"ஐயோ முருகா," என்றாள். போன் நின்றது. விரதத்துக்கு முந்திய கடைசிச் சொல் அது.

வானில் போலந்துக்காரனின் பிளாஸ்டிக் சவரக் கத்தி ஒன்று இருந்தது. கழிவறையில் கை கழுவுகிற சவர்க்காரம். கண்ணாடிக்கு முன் நின்று எடுத்தேன். உதட்டுக்குக் கீழே, நாடியில் வெட்டு விழுந்தது. அவன் காகிதம் கிழித்து ஒட்டிவிட்டான். தாடி மயிரை எறிய மனம் வரவில்லை. ஈயத் துண்டு போடுகிற சின்னப் பை ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் போட்டு மூடினேன்.

"ஆய்வுகூடத்துக்கோ?" என்றான்.

"கோயிலுக்கு."

அவன் முதல் தடவையாகப் பகிடி விடவில்லை. தலையை ஆட்டினான்.

கூட்டுக்குள் இனிக்கவில்லை. பிறகு வாய்ச் சோதனை. அதே அறை, அதே மேசை, அதே மனிதர். தட்டினேன்.

"ஆரது?" என்றார்.

அந்த நேரம் எனக்கு பேக்கரி நினைவு வந்தது. மத்தியானக் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாயை மூடிக்கொண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன நடந்தது, சுகமில்லையா என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். பதில் சொல்ல ஆயிரம் இருக்கிறது அவளுக்கு. சொல்லாமல் நிற்கிறாள். எங்கள் வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் பேசத்தான் வேண்டும். இன்று அது நான்.

பேசினேன். கம்பனி சொன்னேன், பெயர் சொன்னேன். பயப்பட வேண்டாம், பூச்சு அப்படியே இருந்தால் ஒன்றும் செய்யாது என்றேன். சுரண்டாதேங்கோ, உரஞ்சாதேங்கோ, கதவு இறுகினால் எங்களைக் கூப்பிடுங்கோ என்றேன். பிள்ளை எங்கே தவழுகிறது என்று நானே கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "முன் அறையிலை," என்றார். அப்ப முன் அறையைக் கூட்ட வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கோ, துணியைத் தனியே வையுங்கோ, பிள்ளையின் கையைச் சாப்பிட முதல் கழுவுங்கோ, படியால் வாறவர்கள் சப்பாத்தை வெளியே விடட்டும், விருந்தாளியானாலும் விடட்டும், கோபித்தால் கோபிக்கட்டும் என்றேன். அவர் வாயைத் திறந்தார்.

"பொறுங்கோ," என்றேன். "இன்னும் முடியேல்லை."

முடிந்தபோது எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. அவர் பேனையை மூடிவைத்தார். எழுந்து கை தந்தார்.

"சித்தி. பத்திரம் தபாலிலை வரும். மூண்டு நாலு கிழமை, ஒரு மாதம் வரையிலை செல்லும்."

கையைக் கொடுத்தபடி நின்றேன்.

"என்ன? சந்தோசமில்லையோ?"

"மூண்டு நாலு கிழமை ஏலாது."

"வேலைக்கோ? நான் உங்கடை முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லுறன்."

"முதலாளிக்கில்லை. மனிசிக்கு."

அவர் விளங்காமல் பார்த்தார். விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இருந்து சொன்னேன். முதல் தடவை சரிவராமல் போனது, அரை முகம், முருகன், மொட்டை, ஐயர், பேக்கரி, விரல். நேர்த்தி என்பதற்கு ஜேர்மன் சொல் அப்போதும் தெரியவில்லை. கடவுளோடு செய்த ஒப்பந்தம், ஆனால் கையெழுத்து வைத்தவர் வேறு, கட்டுகிறவர் வேறு என்றேன். பத்திரம் கையில் வருகிற மட்டும் அவள் பேசமாட்டாள், மூன்று கிழமை பேசாவிட்டால் அவளுக்கு ஏதும் ஆகிவிடும், எனக்கும் ஆகிவிடும் என்றேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் தரம் வந்த நேரம் இதிலை காவாசி கதைச்சிருந்தால்," என்றார், "உங்களுக்குத் தாடியே வளந்திருக்காது."

ஒரு தாள் எடுத்து, இன்னார் சித்தியடைந்தார், பத்திரம் பின்னால் வரும் என்று எழுதினார். கையெழுத்து வைத்தார். யோசித்துவிட்டு முத்திரையும் குத்தினார். "முத்திரை இருந்தால் உங்கடை கடவுள் ஒத்துக்கொள்ளுவார்," என்றார். ஜேர்மன்காரர் அல்லவா.

திரும்பி வரும்போது வானில் போலந்துக்காரன் பேசவில்லை. அவனுக்கும் சித்தி, ஆனால் களைத்துப்போனான். நான்தான் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ஒரு தடவை திரும்பி, "உனக்கு ஒரு பொத்தான் இருக்கோ, நிப்பாட்ட?" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கிற திறப்பு பையில் இருந்தது. ஆனாலும் தட்டினேன். கதவு திறந்தது. அவள் நின்றாள். முதலில் நாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். வாய் மூடியபடி இருந்தது. வாயை அப்படி இறுக்கி நான் கண்டதில்லை.

தாளை அவள் கையில் வைத்தேன்.

வாசித்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். உள்ளே போய், குசினித் தட்டில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் அதை வைத்தாள். நானும் பின்னால் போய் நின்று, தாடிப் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று இந்த முறையும் நினைத்தேன்.

"சப்பாத்தோடை உள்ளுக்கு வந்திட்டியள்," என்றாள்.

விரதம் முடிந்தது.

"இண்டைக்கு நான் ஒரு பழைய வீட்டுக்கும் போகேல்லை," என்றேன்.

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் சொன்னால்தானே."

பிறகு பேக்கரியில் நடந்ததை முதலில் இருந்து சொல்லத் தொடங்கினாள். விரலைக் காட்டினது, ஒரு கிழவர் பல்வலி என்று நினைத்துக் கராம்பு கொண்டுவந்து தந்தது, முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னது, போகாமல் நின்றது. நான் வாசலில் போய் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்து முடிய, அவள் இன்னும் மத்தியானத்துக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை. ஐயர் முத்திரையை ஒத்துக்கொண்டார். திங்கள் வேலைக்குப் போனேன். தலைக்கவசம் ஆடினது, முதலாளி பின்னால் திருகி இறுக்கிவிட்டார். மாஸ்க் நன்றாக ஒட்டினது.